ஆங்கில மரபுத்தொடர்களை உரையாடல்வழிக் கற்றல்: தமிழ் வழக்கறிவின் துணை

ஆய்வுச்சுருக்கம்

ஆங்கில இலக்கணத்தைப் பிழையறக் கற்ற தமிழ் மாணவர் பலர், இயல்பான ஆங்கில உரையாடலில் பங்கேற்க இயலாது அமைதி காக்கின்றனர். அன்றாடப் பேச்சில் பயிலும் மரபுத்தொடர்களும் முறைசாராத் தொடர்களும் பட்டியல்களாகவே அவர்களுக்கு அறிமுகமாவது இதற்கு ஒரு முக்கியக் காரணம். இத்தொடர்களை உரையாடற் பயிற்சியின் வாயிலாகக் கற்பதன் தேவையையும் முறையையும் இக்கட்டுரை விளக்குகிறது. தமிழ் இலக்கண மரபின் வழக்குக் கோட்பாடும், தமிழர் இயல்பாகப் பெற்றுள்ள இருநிலை வழக்கறிவும் அப்பயிற்சிக்குத் துணையாகும் என்பதும் இதில் எடுத்துக்காட்டப்படுகிறது.

திறவுச்சொற்கள்: மரபுத்தொடர், உரையாடற் பயிற்சி, தகுதி வழக்கு, இரட்டை வழக்கு, தாய்மொழித் தாக்கம்.

முன்னுரை

ஒரு தொடரின் பொருள் அதன் சொற்களின் பொருளைக் கூட்டினால் கிடைப்பதன்று என்னும் நிலையில் அது மரபுத்தொடர் ஆகிறது. 'கம்பி நீட்டினான்' என்பதில் கம்பியும் இல்லை, நீட்டலும் இல்லை. சான்றோர் ஒரு பொருளை எச்சொல்லால் எவ்வாறு வழங்கினரோ அவ்வாறே வழங்குதல் மரபு என்பது நன்னூலாரின் கருத்து. மரபு என்பது வழங்குவோரிடமிருந்து பெறப்படுவது, விதிகொண்டு வருவிக்கப்படுவதன்று. எனவே, மரபுத்தொடரைக் கற்பதற்குரிய இயல்பான களம் பேச்சே ஆகும்.

தேர்வு நோக்கிலான பயிற்சியில் மரபுத்தொடர்கள் பெரும்பாலும் 'பொருத்துக', 'வாக்கியத்தில் அமைத்து எழுதுக' என்னும் வினாக்களோடு நின்றுவிடுகின்றன. பொருளை அறிந்த மாணவர்க்கும் அத்தொடரை யார், யாரிடம், எப்போது கூறலாம் என்பது தெரிவதில்லை. மொழியறிவு என்பது இலக்கண அறிவு மட்டுமன்று, சூழலுக்கேற்பப் பேசும் திறனும் அதில் அடங்கும் என 1972இல் வெளியான கட்டுரையில் டெல் ஹைம்ஸ் வலியுறுத்தினார். மரபுத்தொடர்க் கல்வியில் விடுபடுவது இத்திறனே.

பட்டியல்வழிக் கற்றலின் குறைகள்

பட்டியலுக்குக் காலவுணர்வு இல்லை என்பது முதற்குறை. பெருமழையைக் குறிக்க 'ரெய்னிங் கேட்ஸ் அண்ட் டாக்ஸ்' என்னும் தொடர் பயிற்சி நூல்களில் தவறாது இடம்பெறுகிறது. உயர்குடியினரின் தேய்ந்த பேச்சுவழக்குகளை எள்ளி நகையாடும் நோக்கில் உரையாடல் வடிவில் ஜோனதன் ஸ்விப்ட் 1738இல் வெளியிட்ட நூலிலேயே இத்தொடர் காணப்படுகிறது. அன்றே தேய்வழக்காகக் கருதப்பட்ட ஒன்று, இன்றைய மாணவர்க்குப் புதுமைபோல் கற்பிக்கப்படுகிறது. இன்றைய ஆங்கிலேயர் 'இட்ஸ் போரிங்' என்று இயல்பாகக் கூறுவர்.

தொடரின் நெகிழ்ச்சி எல்லை பட்டியலில் புலப்படாமை இரண்டாவது குறை. 'ஸ்பில் த பீன்ஸ்' என்னும் தொடர் மறைபொருளை வெளியிடுதலைக் குறிக்கும். அதைச் செயப்பாட்டு வினையாக மாற்றினும் அப்பொருள் நிற்கும். 'கிக் த பக்கெட்' என்னும் தொடர் இறத்தலைக் குறிக்கும். அதைச் செயப்பாட்டு வினையாக்கினால் வாளி உதைபட்டது என்னும் நேர்பொருளே எஞ்சும். தமிழிலும் இவ்வேறுபாடு உண்டு. 'முயற்சி கைவிடப்பட்டது' என்பது வழக்கு. 'கம்பி நீட்டப்பட்டது' என்பது வழக்கன்று. இவ்வேறுபாட்டைத் தமிழ் மாணவர் எந்த நூற்பாவையும் படித்து அறியவில்லை. கேட்டும் பேசியும் அறிந்தனர்.

தாய்மொழித் தாக்கம்

வெனிசுவேலாவைச் சேர்ந்த, ஸ்பானிய மொழி பேசும் உயர்நிலை ஆங்கிலக் கற்போரிடம் சூசன் இருஹோ நிகழ்த்திய ஆய்வு 1986இல் வெளியானது. இரு மொழிகளிலும் ஒத்த தொடர்கள் எளிதாகக் கற்கப்படுகின்றன; ஓரளவு ஒத்த தொடர்களில் தாய்மொழித் தாக்கம் மிகுதியாக வெளிப்படுகிறது; முற்றிலும் வேறுபட்ட தொடர்களில் அத்தாக்கம் குறைவு என்பது அவ்வாய்வின் முடிபு. இப்பகுப்பைத் தமிழுக்கும் பொருத்திக் காணலாம்.

ஒத்தவை: 'க்ராக்கடைல் டியர்ஸ்' என்பதும் 'முதலைக் கண்ணீர்' என்பதும் உருவாலும் பொருளாலும் ஒன்றே. பிறர் செயலில் 'மூக்கை நுழைத்தல்' இரு மொழியிலும் உண்டு.

ஓரளவு ஒத்தவை: தமிழர் ஒரே கல்லில் இரண்டு மாங்காய் அடிப்பர்; ஆங்கிலேயர் இரண்டு பறவைகளை வீழ்த்துவர். பயன் ஒன்றாயினும் படிமம் வேறு. ஆங்கிலத்தில் மாங்காயைக் கூறும் மாணவரின் கருத்து விளங்கலாம். ஆனால், அது மரபாகாது.

வேறுபட்டவை: கொல்லன் தெருவில் ஊசி விற்பதை ஆங்கிலம் நியூகாசிலுக்கு நிலக்கரி கொண்டு செல்வதாகக் கூறும். நிலக்கரி வணிகத்தால் பெயர்பெற்ற ஊர் அது. இங்குப் பண்பாட்டுச் செய்தியையும் சேர்த்தே கற்க வேண்டியுள்ளது.

இம்மூன்றினும் இடர் மிக்கது, உரு ஒத்துப் பொருள் பிறழும் தொடர். 'காலை வாருதல்' என்பது தமிழில் நம்பியவரை வீழ்த்துதலைக் குறிக்கும். ஆங்கிலத்தில் ஒருவரின் காலை இழுத்தல் என்பது விளையாட்டாகப் பொய்கூறிக் கேலி செய்தலைக் குறிக்கும். 'ஐ வாஸ் ஜஸ்ட் புல்லிங் யுவர் லெக்' என்று நட்புடன் கூறப்பட்டதை வஞ்சகத்தின் ஒப்புதலாக ஒரு மாணவர் கொள்ளக்கூடும். அவ்வாறே 'கை நீளம்' தமிழில் திருட்டுக் குணத்தைச் சுட்ட, 'லாங் ஆர்ம்' ஆங்கிலத்தில் சட்டத்தின் எட்டும் ஆற்றலைச் சுட்டுகிறது. இத்தகைய பிறழ்ச்சியால் நேர்வது மதிப்பெண் இழப்பன்று, உறவில் விரிசல்.

வழக்குக் கோட்பாட்டின் துணை

நன்னூல், வழக்கினை இயல்பு வழக்கு, தகுதி வழக்கு எனப் பகுத்து ஒவ்வொன்றையும் மூவகையாக்கும். இப்பகுப்பு ஆங்கில முறைசாராத் தொடர்களை வகைப்படுத்தவும் உதவுகிறது. தஞ்சாவூர் 'தஞ்சை' ஆனது மரூஉ. 'கோயிங் டு' என்பது 'கன்னா' எனவும், 'வாண்ட் டு' என்பது 'வானா' எனவும் பேச்சில் மருவுவதை அதனோடு ஒப்பிடலாம். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பது குழூஉக்குறி. இளைஞரும் தொழிற்குழுவினரும் தமக்குள் வழங்கும் ஆங்கிலக் கொச்சைச் சொற்களை இதனோடு இணைத்து விளக்கலாம்.

மங்கலம் என்னும் வழக்கு இன்றியமையாதது. இறந்தவரைக் குறித்து 'இயற்கை எய்தினார்' என்பதற்கும் 'மண்டையைப் போட்டுட்டார்' என்பதற்கும் உள்ள தொலைவைத் தமிழர் எவரும் அறிவர். 'பாஸ்ட் அவே' என்பதற்கும் 'கிக் த பக்கெட்' என்பதற்கும் உள்ள தொலைவும் அத்தகையதே. பட்டியல் இரண்டிற்கும் 'இறத்தல்' என ஒரே பொருள் தரும். அதை நம்பி இரங்கல் கூறச் செல்பவர் பெரும் பிழை செய்வார்.

விடைபெறும்போது 'போகிறேன்' என்னாது 'போய் வருகிறேன்' என்பதும் வழக்கறிவே. ஆங்கிலத்தில் தொலைபேசி உரையாடலின் இறுதியில் 'ஐ வில் லெட் யூ கோ' எனில், அது அனுமதி அளித்தலன்று. உரையாடலை முடிக்கும் இங்கிதம். எழுத்து வழக்கு, பேச்சு வழக்கு என்னும் இரட்டை வழக்கில் நாள்தோறும் வாழும் தமிழ் மாணவர்க்குச் சூழலறிந்து சொல்லை மாற்றுதல் புதிய திறன் அன்று. தம்மிடம் உள்ள திறனை ஆங்கிலத்திலும் செலுத்தலாம் என்பதை உணர்த்துவதே ஆசிரியர் பணி.

உரையாடற் பயிற்சியின் படிநிலைகள்

முதற்படி, கேட்டு ஊகித்தல். காய்ச்சலுற்று மீண்ட ஆய்வாளரிடம் நெறியாளர் 'யூ லுக் எ பிட் அண்டர் த வெதர்' என்று கூறுவதாக ஓர் உரையாடல் அமையலாம். பொருளை முன்னரே கூறாது, சூழலைக் கொண்டு மாணவரே ஊகிக்க வேண்டும். வானிலையைப் பற்றியதன்று, உடல்நலக் குறைவைப் பற்றியது என்பது அவருக்கே புலப்படும்.

இரண்டாம்படி, தயக்கமின்றி வினவுதல். 'சாரி, டூ யூ மீன் அன்வெல்?' எனக் கேட்கப் பழகுதல் வேண்டும். அறியாமையை மறைக்கத் தலையசைக்கும் வழக்கமே கற்றலுக்குப் பெருந்தடை. வினவுதல் இழிவன்று, உரையாடலின் இயல்பான உறுப்பு என்பது வகுப்பில் நிலைபெற வேண்டும்.

மூன்றாம்படி, பயன்படுத்துதல். மூவர் கொண்ட குழுவில் இருவர் பேச, ஒருவர் நோக்கராக இருந்து தொடரின் பொருத்தத்தைக் குறித்துக் கொள்ளலாம். ஒரு பயிற்சிக்கு மூன்று, நான்கு தொடர்களே போதுமானவை. அவை அடுத்தடுத்த வாரங்களில் வேறு சூழல்களில் மீண்டும் வருமாறு அமைத்தல் நன்று.

நான்காம்படி, நிலைமாற்றம். ஒரே செய்தியை நண்பரிடமும், துறைத்தலைவரிடமும், நேர்காணல் குழுவிடமும் கூறச் செய்தல் வேண்டும். எங்கே மரபுத்தொடர் பொருந்தும், எங்கே அதைத் தவிர்த்து நேராகக் கூறுதல் தகும் என்பது இங்கே தெளிவாகும். ஐயம் எழும் இடத்தில் எளிய நேர்மொழியே பாதுகாப்பானது என்பதும் கற்பிக்கத்தக்கது. கேட்டுப் புரிந்துகொள்ள வேண்டிய தொடர்கள் பல. எடுத்து ஆள வேண்டியவை சில.

முடிவுரை

மரபுத்தொடர் அறியாமையால் நேரும் இழப்பைத் தமிழ்வழி பயின்ற முதல் தலைமுறைப் பட்டதாரிகளே மிகுதியாகச் சுமக்கின்றனர். நேர்காணலிலும் கருத்தரங்கிலும் அவர்களின் அமைதி அறிவின்மையாகப் பிறரால் கொள்ளப்படுகிறது; காலப்போக்கில் அவர்களும் அவ்வாறே நம்பத் தலைப்படுகின்றனர். உரையாடல்வழிக் கற்றல் இத்தடையைக் களைய உதவும். பட்டியல் பொருளைத் தரும்; உரையாடலே இடத்தையும் தகுதியையும் உணர்த்தும். தமிழின் வழக்கறிவைத் தடையாகக் கருதாது அடித்தளமாகக் கொள்ளும் வகுப்பறையில், ஆங்கிலப் பேச்சு மாணவர்க்கு அயலாக நில்லாது வசப்படும். தமிழ்த்துறையும் ஆங்கிலத்துறையும் இணைந்து இத்தகைய ஒப்பீட்டுப் பாடங்களை உருவாக்குதல் காலத்தின் தேவையாகும்.