ஸ்னூக்கர் பார்லரில் காசு போடலாமா? முதல்ல மதியம் 2 மணிக்குப் போய்ப் பாருங்க

ஆபீஸ்ல நாலு பேர் சேர்ந்து டீ குடிச்சா, அஞ்சாவது நிமிஷம் ஒரு பிசினஸ் ஐடியா வந்துடும். அதுல அடிக்கடி வர்ற ஒண்ணு: "மச்சி, ஆளுக்கு மூணு லட்சம் போடுவோம். நம்ம ஏரியாவுல ஒரு ஸ்னூக்கர் பார்லர் ஆரம்பிப்போம். சாயங்காலம் ஆனா கூட்டம் அள்ளும்!"

கூட்டம் அள்ளுவது உண்மையாகவே இருக்கலாம். ஆனா மூணு லட்சம்ங்கிறது நம்மில் பலருக்கு ரெண்டு மூணு வருஷச் சேமிப்பு. அதனால, ஒரு பார்லர் எப்படிச் சம்பாதிக்குது, சில இடங்கள் மட்டும் ஏன் வருஷக்கணக்கா ஓடுது என்பதைத் தெரிஞ்சுக்கிட்டு முடிவெடுப்போம்.

விற்பது நேரத்தை

செல்போன் கடையில் இன்னைக்கு விக்காத போன் நாளைக்கு விக்கும். பார்லரில் செவ்வாய்க்கிழமை மதியம் ஒரு டேபிள் சும்மா கிடந்தா, அந்த ஒரு மணி நேரக் காசு போனது போனதுதான். புதன்கிழமை சேர்த்து விக்க முடியாது. காலி சீட்டோட கிளம்பிப் போன பஸ் மாதிரி.

அடுத்தது இடம். முழு அளவு ஸ்னூக்கர் டேபிள் 12 அடி நீளம், 6 அடி அகலம். கியூவைப் பின்னால் இழுத்து அடிக்க நாலு பக்கமும் ஏறக்குறைய 5 அடி விடணும். ஆக 22-க்கு 16 அடி, அதாவது ஒரு டேபிளுக்கு சுமார் 350 சதுர அடி. பக்கத்து டேபிளோட நடைவழியைப் பங்கு போட்டால் கொஞ்சம் குறையும். அதே இடத்தில் ஒரு டிபன் கடைக்காரர் இருபது பேரை உட்கார வைப்பார். இங்கே ஆடுவது ரெண்டே பேர். வாடகை மட்டும் ரெண்டு கடைக்கும் ஒண்ணுதான்.

கணக்கைப் போடுவோம்

கீழே இருக்கும் எண்கள் கணக்கு புரிவதற்காக நான் வைத்துக்கொண்டவை. உங்க ஏரியா வாடகையையும் ரேட்டையும் அந்தந்த இடத்தில் போட்டுக்கோங்க.

4 டேபிள். காலை 11 முதல் இரவு 11 வரை 12 மணி நேரம். ஒரு நாளைக்கு 48 டேபிள் மணி. ரேட் மணிக்கு 200 ரூபாய்.

மாசச் செலவு:
• வாடகை: 70,000
• ரெண்டு ஆட்களுக்குச் சம்பளம்: 36,000
• கரண்ட், ஏசி சேர்த்து: 25,000
• டேபிள் துணி, கியூ டிப், சாக், ரிப்பேருக்கு ஒதுக்குவது: 12,000
• இதர செலவு: 7,000
• மொத்தம்: 1,50,000

இதை 200-ஆல் வகுத்தால் 750. அதாவது கையைக் கடிக்காம இருக்கவே மாசம் 750 மணி நேரம், ஒரு நாளைக்கு 25 மணி நேரம் டேபிள் ஓடணும்.

இப்போ அந்த "சாயங்காலக் கூட்டத்தை" எடுத்துக்கலாம். மாலை 6 முதல் இரவு 11 வரை 5 மணி நேரம், 4 டேபிள், மொத்தம் 20 மணி. மாசம் முப்பது நாளும் ஒரு நிமிஷம்கூட காலி இல்லாம ஓடினாலும் 600 மணி. வருமானம் 1,20,000. மாசம் 30,000 நஷ்டம்! மழை, பரீட்சை, பண்டிகை எதையும் இதில் கழிக்கவில்லை. போட்ட முதலுக்கு வட்டியும் சேர்க்கவில்லை.

இப்போ பகலைப் பாருங்க. 11 முதல் 6 வரை தினமும் 28 டேபிள் மணி சும்மா கிடக்கு. மதிய ரேட்டை 120 ஆக்கினால், அந்த 30,000-ஐ ஈடுகட்ட மாசம் 250 மணி போதும். ஒரு நாளைக்கு எட்டு மணிக்குக் கொஞ்சம் மேல். சாயங்காலக் கூட்டம் எல்லா பார்லருக்கும் வரும். லாபமா நஷ்டமா என்பதைப் பகல்தான் தீர்மானிக்குது.

மதியம் யார் வருவாங்க?

நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கி எழுந்த ஐடி ஊழியர், வார நாளில் வீக் ஆஃப் விழுந்த ஆஸ்பத்திரி ஊழியர், மத்தியானம் கடையைச் சாத்துற வியாபாரி, ரிட்டையர் ஆனவர், காலேஜ் பசங்க. இவங்கள்ல நிறையப் பேர் தனியா வர்றவங்க. ஸ்னூக்கருக்கு ரெண்டு பேர் வேணும். கூட ஆட ஆள் இல்லைன்னா அவர் திரும்பிப் போயிடுவார், காசும் போயிடும்.

நல்லா ஓடும் இடத்தில் கவுன்ட்டர்ல இருக்கிறவருக்கு வர்றவங்க பேரும் தெரியும், ஆட்டமும் தெரியும். "சார், பத்து நிமிஷம் இருங்க, உங்க லெவல்ல ஒருத்தர் வர்றார்" என்று சொல்லி சேர்த்து வைப்பார். வாட்ஸ்அப் குரூப்பில் "4 மணிக்கு ஒரு ஆள் வேணும்" என்று போடுவார். விளம்பரச் செலவு இல்லாம ஒரு டேபிள் மணி வித்தாச்சு.

புதுசா வர்றவரைச் சிரிச்சு அனுப்பாதீங்க

ஸ்னூக்கர் பிறந்தது நம்ம நாட்டில்தான். 1875-ல் ஜபல்பூரில் நெவில் சேம்பர்லின் என்ற பிரிட்டிஷ் ராணுவ அதிகாரி (பின்னாளில் பிரதமரான சேம்பர்லின் வேற ஆள்) இதை ஆரம்பித்தார். 1882-ல் ஊட்டி கிளப்பில் விதிகளை எழுதி மாட்டினாங்க. ராணுவப் பள்ளியில் முதல் வருஷப் பசங்களைக் கிண்டலா 'ஸ்னூக்கர்' என்று கூப்பிடுவது வழக்கமாம். சுலபமான பந்தைத் தவறவிட்ட ஒருத்தரை அப்படிக் கூப்பிடப்போய், அதுவே ஆட்டத்துக்குப் பேராகிவிட்டது என்பது சேம்பர்லின் சொன்ன கதை.

இன்னைக்கும் பல பார்லரில் புது ஆளுக்கு அதே வரவேற்புதான். 12 அடி டேபிள், குறுகலான பாக்கெட், 22 பந்து. முதல் நாள் ஒண்ணும் விழாது. மூலையில் நாலு பேர் சிரிச்சா, அடுத்த வாரம் அவர் வரமாட்டார்.

விவரமானவங்க வாசல் பக்கம் ஒரு சின்ன பூல் டேபிள் போட்டு வைப்பாங்க. அதில் புது ஆளுக்கும் பந்து விழும், ஆட்டமும் சீக்கிரம் முடியும். கியூவைப் பிடிக்க, இடது கையை டேபிள்ல ஊன்றப் பத்து நிமிஷம் சொல்லிக் கொடுப்பாங்க. அவரும் அவர் நண்பரும் வாரம் ஒரு மணி நேரம் வந்தால் வருஷத்துக்கு 52 மணி, 10,400 ரூபாய். பத்து நிமிஷப் பொறுமைக்கு இது நல்ல வருமானம்.

போய்ப் பார்க்கும்போது என்ன கவனிக்கணும்?

1. துணி: நல்ல ஸ்னூக்கர் துணி கம்பளி. கறுப்புப் பந்து இருக்கும் முனையை நோக்கி ஒரே திசையில் பிரஷ் செய்யணும், பிறகு அயர்ன் பண்ணணும். சென்னை மாதிரி ஈரப்பதம் அதிகமான ஊரில் துணி கனத்து, பந்து மெதுவா ஓடும். அதனால ஏசி இங்கே ஆடம்பரச் செலவு கிடையாது.

2. ரேட் போர்டு: ரேட் சுவரில் இருக்கா? நேரம் எல்லாருக்கும் தெரியுதா? "அண்ணே, ஒன்றரை மணி ஆச்சு" என்று வாயால் சொல்லும் இடத்தில் சண்டை நிச்சயம்.

3. பெட்: தோற்றவர் டேபிள் காசு கொடுப்பது சகஜம். அதுக்கு மேல் பணம் கைமாறினால் பார்லர் நாலைஞ்சு பேரோட கூடாரம் ஆயிடும். மத்தவங்க சொல்லாம கொள்ளாம நின்னுடுவாங்க.

4. கழிப்பறையும் புகையும்: ஒரு பெண் தன் தோழிகளோட வந்து ஒரு மணி நேரம் நிம்மதியா ஆட முடியுமா? முடியாதுன்னா, ஏரியாவில் பாதிப் பேரை வாசல்லயே திருப்பி அனுப்புறீங்க.

கையெழுத்துக்கு முன்னாடி

டேபிள் உள்ளே இருப்பது கல் பலகை. முழு டேபிள் ஒரு டன்னுக்கு மேல் எடை. இடம் மாற்றினால் ஆள் வைத்துக் கழற்றி, மறுபடி பூட்டி, மட்டம் பார்க்கணும். அதனால வழக்கமான 11 மாச ஒப்பந்தம் இங்கே ஆபத்து. பல வருஷத்துக்கான, பதிவு செய்த குத்தகை கேளுங்க. மாடியா இருந்தால் தளம் தாங்குமா என்று இன்ஜினியரிடம் கேளுங்க.

சாதாரண பார்ட்னர்ஷிப்பில், நீங்க கடைப் பக்கமே போகாத ஸ்லீப்பிங் பார்ட்னராக இருந்தாலும், கடை வாங்கின கடனுக்கு உங்க சொந்தச் சொத்தும் பதில் சொல்லணும். உங்க பொறுப்பு மூணு லட்சத்தோடு நிக்காது. எல்எல்பி-யாகப் பதிவு செய்தால், பொதுவாக நீங்க ஒப்புக்கொண்ட முதலோட பொறுப்பு நிக்கும். ஆனா பேங்க் கடனுக்குத் தனியா கேரண்டி கையெழுத்துப் போட்டால் அந்தப் பாதுகாப்பு போயிடும். வேலைக்குச் சேரும்போது போட்ட ஒப்பந்தத்தில், வெளித்தொழில் செய்யலாமா என்பதையும் ஒருமுறை படிச்சுடுங்க.

நம்ம உதாரணத்தில் மாசம் 1,50,000 என்றால் வருஷத்துக்கு 18 லட்சம். வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டினால் ஜிஎஸ்டி பதிவு கட்டாயம். அந்த வரியையும் ரேட்டுக்குள் யோசிச்சு வைங்க.

கடைசியா ஒரு ஹோம்வொர்க். உங்க ஏரியாவில் மூணு பார்லருக்கு, வார நாளில் மதியம் 2 முதல் 4 வரை போய் உட்காருங்க. எத்தனை டேபிள் ஓடுது, தனியா வந்தவருக்கு ஆள் கிடைச்சதா, புதுசா வந்தவரை எப்படி நடத்துறாங்க என்று குறிச்சுக்கோங்க. அப்புறம் அந்த நண்பரிடம் ஒரே கேள்வி கேளுங்க: "தினமும் 25 மணி எங்கிருந்து வரும்?" பகலுக்கும் சேர்த்து அவரிடம் பதில் இருந்தா, மேற்கொண்டு பேசலாம். "சாயங்காலம் கூட்டம் வரும்டா" என்றுதான் பதில் வந்தா, மூணு லட்சத்தைப் பத்திரமா வச்சுக்கிட்டு, சாயங்காலம் அங்கே போய் ஆடிட்டு வாங்க.

நீங்க குறிச்சுட்டு வந்த எண்களை வீடியோவுக்குக் கீழே கமெண்ட்ல போடுங்க. சேர்ந்து கணக்குப் போட்டுப் பார்ப்போம்.