மான்செஸ்டர் நகர மையத்தில் குடியிருப்பு: வெளியேற்றமும் மீள்வருகையும்

ஒரு தொழில் நகரத்தின் மையப்பகுதியில் யார் வாழ்ந்தனர், யார் வெளியேறினர் என்னும் வினா அந்நகரின் சமூக வரலாற்றை அறியத் துணைபுரிவதாகும். பருத்தித் தொழிலால் உலகப் புகழ்பெற்ற இங்கிலாந்தின் மான்செஸ்டர் நகரைச் சான்றாகக் கொண்டு இக்கட்டுரை அவ்வினாவை ஆராய்கிறது.

18ஆம் நூற்றாண்டின் இறுதியில் மான்செஸ்டர் வணிகர் பலர் நகரின் நடுவிலேயே வாழ்ந்தனர். மோஸ்லி தெரு செல்வர்களின் இல்லங்களுக்குப் பெயர்பெற்றிருந்தது. பருத்தி வணிகம் பெருகவே, துணிகளைச் சேமித்து, வாங்குவோர்க்குக் காட்டி விற்பதற்குரிய பண்டகசாலைகளுக்கு மைய நிலம் தேவைப்பட்டது. நிலத்தின் விலையும் உயர்ந்தது. 1830களில் அத்தெருவின் இல்லங்கள் பண்டகசாலைகளாக மாறலாயின. செல்வர்கள் ஆலைப்புகை எட்டாத புறநகர்களுக்குக் குடிபெயர்ந்தனர்.

தொழிலாளர்க்கு அவ்வாய்ப்பு இல்லை. நாளின் பெரும்பகுதியை ஆலையில் கழித்தோர் நடந்து செல்லும் தொலைவிலேயே குடியிருக்க வேண்டியிருந்தது. 1801இல் 100,000க்கும் குறைவாக இருந்த நகர மக்கள்தொகை 1851இல் 300,000ஐத் தாண்டியது. மையத்தை ஒட்டிய ஆன்கோட்ஸ், ஏஞ்சல் மெடோ ஆகிய பகுதிகளில் குடும்பங்கள் நிலவறைகளிலும் நெருக்கமான வீடுகளிலும் வாழ்ந்தன. 1842 முதல் 1844 வரை இங்குத் தங்கியிருந்த பிரெடரிக் எங்கெல்ஸ், இரவில் ஆளரவமற்றுப் போகும் வணிக மையத்தையும் அதனைச் சூழ்ந்த தொழிலாளர் குடியிருப்புகளையும் 1845இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கியுள்ளார். மையம் வெறுமையானது 20ஆம் நூற்றாண்டில்தான் என்னும் பொதுவான கருத்து இதனால் வலுவிழக்கிறது.

நகராட்சி 1894இல் ஆன்கோட்ஸில் விக்டோரியா சதுக்கம் என்னும் ஐந்து மாடிக் குடியிருப்பைத் திறந்தது. எனினும், 20ஆம் நூற்றாண்டில் சேரிகளை அகற்றி மக்களை வேறிடங்களில் குடியமர்த்துவதே முதன்மைக் கொள்கையாயிற்று. மையத்திற்குத் தெற்கே ஹியூமில் 1972இல் கட்டி முடிக்கப்பட்ட பிறைவடிவ அடுக்குமாடிகள் 1990களில் இடிக்கப்பட்டன. 1980களின் இறுதியில் நகர மையத்தில் சில நூறு பேரே வாழ்ந்தனர்.

பருத்தி வணிகம் நலிந்ததால் பண்டகசாலைகள் பயனற்றுக் கிடந்தன. 1988 முதல் 1996 வரை செயற்பட்ட மத்திய மான்செஸ்டர் மேம்பாட்டுக் கழகத்தின் காலத்தில் அவற்றுட் சில அடுக்குமாடி வீடுகளாக மாற்றப்பட்டன. 1996 ஜூன் 15ஆம் நாள் ஐரியக் குடியரசுப் படையின் குண்டுவெடிப்பால் மையம் பெருஞ்சேதமடைந்தது. அதனைத் தொடர்ந்த மறுகட்டுமானம் இம்மாற்றத்தை விரைவுபடுத்தியது. 2006இல் 47 மாடிகள் கொண்ட பீத்தம் கோபுரம் எழுந்தது. இன்று மையத்தில் பல்லாயிரவர் வாழ்கின்றனர்.

வீடு பண்டகசாலையாயிற்று, பின்னர்ப் பண்டகசாலை வீடாயிற்று. இரு மாற்றங்களையும் இயக்கியதில் நிலத்தின் மதிப்பிற்குப் பெரும்பங்குண்டு. இரண்டாம் மாற்றத்தை 'மீள்வருகை' எனப் பலர் குறிப்பிடுவர். ஆனால், சேரி அகற்றத்தில் வெளியேற்றப்பட்ட தொழிலாளர் குடும்பங்களின் வழியினர் திரும்பி வந்ததை அச்சொல் குறிக்கவில்லை. புதிய வீடுகளில் பெரும்பாலும் குடியேறியோர் இளம் அலுவலர்களும் மாணவர்களுமே. ஆகவே, நகர்ப்புற வரலாற்றைக் கற்பிக்கும்போது கட்டடங்களின் மாற்றத்தோடு, அவற்றில் வாழ்ந்தோர் எங்குச் சென்றனர் என்பதையும் மாணவர்கள் வினவப் பழக்குதல் வேண்டும்.