ஆட்டின் கண்ணுக்கு ஈரம், முடிக்குப் பொடி

ஆம்பூர் வட்டாரத்து மலையாம்பட்டு கிராமத்தில் ஆர்மாமலைக் குகை இருக்கிறது. அதற்குள் 8-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்த சமண ஓவியங்கள். சித்தன்னவாசல் ஓவியங்களை அறிந்தவர்களில் பலர் இதை அறியமாட்டார்கள், அறிய வேண்டும். உதிர்ந்துபோன வண்ணங்களுக்கு நடுவே, எண்திசைக் காவலரில் ஒருவரான அக்கினி தன் துணைவியோடு ஆட்டின் மேல் அமர்ந்திருக்கிறார்.

அந்த வண்ணம் சுவரில் எப்படி நின்றது? ஈரச் சுண்ணாம்புப் பூச்சின் மேல் நீரில் குழைத்த நிறமியைத் தீட்டினால், சுண்ணாம்பு காற்றிலுள்ள கரியமில வாயுவை வாங்கிக் கால்சியம் கார்பனேட்டாக இறுகும். நிறமும் உள்ளே சிக்கிக்கொள்ளும். இன்னொரு வழி, காய்ந்த பூச்சின் மேல் பிணைப்பொருள் கலந்து தீட்டுவது. இங்கே இரண்டும் கையாளப்பட்டதாக ஆய்வாளர்கள் சொல்கிறார்கள்.

வாட்டர்கலரையும் பேஸ்டலையும் சேர்த்து விலங்குகளை வரையும் இன்றைய ஓவியர்களுக்கும் அந்தப் பிணைப்பொருள், அதாவது பிசின்தான் மையம். வாட்டர்கலரில் நிறமியைத் தாளோடு ஒட்டுவது வேல மர இனத்துப் பிசின். சாஃப்ட் பேஸ்டலிலும் நிறமிகள் பெரும்பாலும் அவையே. ஆனால் சுண்ணப்பொடி சேர்த்து, குச்சி உடையாத அளவுக்கு மட்டும் பிசின் விட்டு உருட்டியிருப்பார்கள். (பள்ளிப் பிள்ளைகளிடம் உள்ள ஆயில் பேஸ்டல் வேறு; அது தண்ணீரோடு சேராது.)

பிசின் குறைந்தால் துகள்களுக்கிடையே காற்று தங்கும். காற்றின் ஒளிவிலகல் எண் 1. சுண்ணப்பொடிக்கு ஏறக்குறைய 1.6. அந்த வேறுபாட்டால் ஒவ்வொரு துகளின் விளிம்பிலும் ஒளி சிதறி, பஞ்சு போன்ற வெளிச்சம் கிடைக்கிறது. வெள்ளாட்டின் வெள்ளை முடியிலும் வெள்ளை நிறமி கிடையாது. மெலனின் இல்லாத முடியிலும் அதனுள் இருக்கும் காற்றறைகளிலும் ஒளி சிதறுவதால்தான் வெள்ளை தெரிகிறது. முடிக்கு பேஸ்டல் இவ்வளவு இசைவாக இருப்பதற்கு, என் பார்வையில், இதைவிட நல்ல காரணம் வேண்டாம்.

கண் அப்படியல்ல. ஆட்டின் கண்மணி படுக்கைவசமான ஒரு கோடு. அதன்மேல் வழவழப்பான ஈரப்பரப்பு. ஒளி அங்கே சிதறாமல் ஒரே திசையில் திரும்பி, கூர்மையான ஒரு புள்ளியாக மின்னும். பொடி பட்டால் அந்த மினுக்கம் செத்துவிடும். கண்ணையும் ஈர மூக்கையும் பிசின் மிகுந்த வாட்டர்கலரிலோ அக்ரிலிக்கிலோ முடிப்பதே சரி.

வரிசை முக்கியம். உடலின் திரட்சியையும் வயிற்றடி நிழலையும் முதலில் நீர்வண்ணத்தில் போட்டு, நன்றாகக் காயவிட வேண்டும். பிறகு முடி படியும் திசையிலேயே பேஸ்டல் கோடுகள். தாளில் சொரசொரப்பு இருந்தால்தான் பொடி பிடிக்கும். நீர்வண்ணத்துக்குப் பதில் அக்ரிலிக் போட்டு அது தடித்துப் படிந்தால் வழுக்கும், அப்போது படிகக்கல் தூள் கலந்த அடிப்பூச்சு தேவை. பேஸ்டலுக்கு மேல் தண்ணீர் பட்டால் பொடி கரைந்து கலங்கும். பிரெஞ்சு ஓவியர் எட்கார் தெகா (1834–1917) அதையே ஓர் உத்தியாக்கி, பேஸ்டலை நனைத்துத் தூரிகையால் தீட்டியிருக்கிறார்.

இனி, பொடி உதிராமல் பிடிக்கத் தெளிக்கும் ஃபிக்ஸேட்டிவ். அந்தப் பிசின் கரைசல் காற்று இருந்த இடங்களை நிரப்பிவிடுவதால் சிதறல் குறைந்து, வெள்ளை மங்கும். ஆகவே கீழ் அடுக்குகளுக்கு மட்டும் மெலிதாகத் தெளித்துவிட்டு, காதோர மயிரையும் தாடியின் வெள்ளை இழைகளையும் அதற்குப் பிறகே இழுக்கிறார்கள். படத்தைத் தொடாதபடி இடைவெளி விட்டுக் கண்ணாடி போடுகிறார்கள்.