நம்முள் ஒரு காவல் – 12: உழைப்பின் மேல் விழுந்த பழி

சென்ற வாரம் நோய் எதிர்ப்புச் செல்களான டி செல்கள் தைமஸ் சுரப்பியில் பக்குவப்படுவதைப் பார்த்தோம். சொந்த உடலையே பகையாக எண்ணக்கூடிய செல்களில் பெரும்பாலானவை அங்கேயே அழிந்துவிடுகின்றன; சில தப்பி வெளியே வருகின்றன. தப்பியவை மூட்டுக்குள் குடியேறினால் என்ன நேரும்? ருமட்டாய்டு ஆர்த்ரைடிஸ் என்று டாக்டர்கள் எழுதித் தரும் முடக்குவாதத்தின் கதை அதுதான். அந்தக் கதையைச் சுங்கை சிப்புட்டிலிருந்து தொடங்குகிறேன்.

இந்த வட்டாரத்தில் நம்மவர்கள் தலைமுறை தலைமுறையாகப் பால்மரம் வெட்டி வாழ்ந்தவர்கள். இருட்டு விலகும் முன்னே பெரட்டுக்கு நின்று, நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு நிரைக்குப் போன பெண்கள் இன்று பாட்டிமார்கள். அவர்களில் ஒருவருக்கு விரல் கோணிப்போனால், "மரம் வெட்டின கையாச்சே, வலிக்காம என்ன செய்யும்?" என்பதே வீட்டின் தீர்ப்பு. தோட்டங்கள் செம்பனைக்கு மாறின, குடும்பங்கள் லயத்தை விட்டுத் தாமான்களுக்கு வந்தன. தீர்ப்பு மட்டும் மாறவில்லை. இன்று தொழிற்சாலைக்குப் போகும் மகளின் விரல் வீங்கினால் பழி மெஷின் மேல் விழுகிறது. வலி வேலையின் கூலி என்று நம்புகிறவர்கள் டாக்டரிடம் போவதில்லை. இந்த நோயில் அந்தத் தாமதத்துக்கு விலை அதிகம்.

கையே தரும் சாட்சி

பாடுபட்ட உடம்பு தேயும் என்பது உண்மைதான். ஆனால் தேய்மான வலியின் போக்கு வேறு. அது முழங்கால், இடுப்பு, விரல் நுனிக் கணு ஆகிய இடங்களைத் தேடும். வேலை செய்தால் கூடும், ஓய்வெடுத்தால் குறையும். முடக்குவாதம் பெரும்பாலும் நுனிக் கணுக்களை விட்டுவிட்டு மணிக்கட்டையும், விரல்கள் கையோடு சேரும் மூட்டுகளையும், நடுக் கணுக்களையும் பிடிக்கும். இரண்டு கைகளிலும் ஒன்றுபோல வரும். பாதத்தின் முன்பகுதியிலும் வரும். வேலைதான் காரணமென்றால், கத்தியைத் தொடாத கால் விரல் ஏன் வீங்க வேண்டும்?

இன்னொரு சாட்சி காலை நேரம். குளிர்ந்த விடியலில் பால் நன்றாக ஓடும் என்பதால்தான் மரம் வெட்டு அவ்வளவு சீக்கிரம் தொடங்கும். முடக்குவாதம் உள்ளவரின் ரத்தத்தில் இன்டர்லூகின்-6 என்ற அழற்சிப் பொருள் இரவெல்லாம் ஏறி உச்சத்தை அடைவதும் அந்த விடியலில்தான். கையை மடக்க முடியாத இறுக்கம் ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிற்கும். பிறகு புழங்கப் புழங்கத் தளரும். வாளியும் கத்தியும் தூக்க வேண்டிய வேளையும் நோய் உச்சத்தில் நிற்கும் வேளையும் ஒன்றாகிப்போனதால், உழைப்பின் மேல் பழி விழுந்தது.

டி செல் எங்கே தவறுகிறது

டி செல்லால் ஒரு புரதத்தை முழுதாக அறிய முடியாது. மற்ற செல்கள் அதைத் துண்டாக்கி, எச்.எல்.ஏ. என்ற மூலக்கூறில், தட்டில் வைத்து நீட்டுவதுபோல நீட்ட வேண்டும். இந்தத் தட்டின் அமைப்பு பரம்பரையாக வருவது. ஆளுக்கு ஆள் வேறுபடும். முடக்குவாத நோயாளிகளிடம் டிஆர்4 என்ற வகை அதிகம் இருப்பதை 1978-இல் பீட்டர் ஸ்டாஸ்ட்னி எடுத்துக்காட்டினார். நோயோடு தொடர்புள்ள பல வகைத் தட்டுகளிலும் 70 முதல் 74 வரையிலான ஐந்து அமினோ அமிலங்கள் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதை 1987-இல் கிரெகர்சன், சில்வர், வின்செஸ்டர் மூவரும் சுட்டினார்கள்.

அந்த ஐந்தில் என்ன இருக்கிறது? நம் புரதங்களில் ஆர்ஜினின் என்ற அமினோ அமிலம் உண்டு. அழற்சி உள்ள இடத்தில், குறிப்பாகப் புகை படிந்த நுரையீரலில், ஒரு நொதி அதைச் சிட்ருலினாக மாற்றுகிறது. ஆர்ஜினினுக்கு நேர்மின்னூட்டம் உண்டு. அந்த ஐந்து அமிலங்களை ஒட்டிய தட்டின் குழியும் நேர்மின்னூட்டம் உடையது. இரண்டும் சேராது. மின்னூட்டம் இழந்த சிட்ருலின் குழிக்குள் பொருந்திக்கொள்கிறது. டிஆர்4 குடும்பத்தின் ஒரு வகையில் இது நடப்பதை 2013-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் படிக அமைப்பாகவே காட்டினார்கள்.

தன் புரதம் மாறிய உருவில் நீட்டப்படும்போது, தப்பி வந்த டி செல் அதை அந்நியம் என்று கொள்கிறது. உடனே பி செல்களைத் தூண்டி, சிட்ருலின் புரதங்களுக்கு எதிராக எதிர்ப்பொருள் செய்ய வைக்கிறது. மேக்ரோபேஜ் செல்கள் டி.என்.எஃப்., இன்டர்லூகின்-6 ஆகிய அழற்சிப் பொருள்களைக் கொட்டுகின்றன. மூட்டின் உள்சவ்வு தடித்து வளர்ந்து குருத்தெலும்பையும் எலும்பையும் அரிக்கிறது. பி செல்களை மூட்டுக்கே வரவழைத்து உதவும் ஒரு தனி வகை டி செல்லை, வீங்கிய மூட்டுகளிலிருந்தே பாஸ்டனில் தீபக் ராவ் குழுவினர் 2017-இல் இனங்கண்டார்கள்.

இது ஒரே நாளில் நடப்பதல்ல. நெதர்லாந்தில் ரத்த தானம் செய்து, பின்னாளில் இந்நோய்க்கு ஆளானவர்களின் பழைய ரத்தத்தைச் சோதித்தார்கள். ஏறத்தாழ பாதிப் பேரிடம், வலி வருவதற்குப் பல ஆண்டுகள் முன்பே எதிர்ப்பொருள்கள் இருந்தன.

மலேசியரின் ரத்தம் சொன்ன சேதி

இதெல்லாம் வெள்ளைக்காரர்களின் கதை என்று தள்ள முடியாது. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சுவீடனின் கரோலின்ஸ்கா நிறுவனமும் சேர்ந்து, 2005 முதல் 2009 வரை தீபகற்ப மலேசியாவில் 'மை எய்ரா' என்ற ஆய்வை நடத்தின. மலாய்க்காரர், சீனர், இந்தியர் மூவரிடமும் அந்த ஐந்து அமிலத் தட்டு நோய்க்கான ஆபத்தைக் கூட்டுவது உறுதியானது. இந்திய வம்சாவளியினரிடம் அடிக்கடி எதிர்ப்படுவது 10:01 என்ற தட்டு வகை. இந்நாட்டின் முடக்குவாத கிளினிக்குகளில் நம்மவர்கள் மக்கள் தொகைப் பங்கைவிட அதிகமாகத் தென்படுவதைப் பார்க்கும்போது, இந்தச் செய்தி நமக்குப் பக்கத்தில் வருகிறது.

அதே ஆய்வு 910 பெண் நோயாளிகளையும் நோயில்லாத 910 பெண்களையும் ஒப்பிட்டது. துணித் தூசியில் வேலை செய்தவர்களுக்கு ஆபத்து ஏறத்தாழ மூன்று மடங்கு. தூசியும் அந்தத் தட்டும் சேர்ந்தவர்களுக்கு, எதிர்ப்பொருள் உள்ள கடுமையான வகை வரும் ஆபத்து 39 மடங்கு. புகைப்பதும் அந்தத் தட்டோடு சேர்ந்து ஆபத்தைப் பெருக்குவதை ஆய்வின் இன்னொரு பகுதி காட்டியது. ஆகவே வேலைக்கும் நோய்க்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. கை பட்ட பாட்டைவிட மூச்சில் போன தூசியும் புகையும் கவனிக்க வேண்டியவை.

சந்தேகமும் விடையும்

1990-களில் டி செல்கள் மேல் மருத்துவ உலகுக்கு நம்பிக்கை தளர்ந்தது. சி.டி.4 வகை டி செல்களைக் குறிவைத்த மருந்துகள் எதிர்பார்த்த பலன் தரவில்லை. அதே காலத்தில் லூதியானாவில் பிறந்த ரவீந்தர் மைனியும் மார்க் ஃபெல்ட்மனும் லண்டனில் டி.என்.எஃப்.-ஐத் தடுத்து நோயாளிகளை எழுந்து நடக்க வைத்தார்கள். டி செல் வெறும் பார்வையாளர்தானோ என்ற கேள்வி எழுந்தது.

விடை இரண்டு பக்கத்திலிருந்து வந்தது. 2003-இல் ஜப்பானின் ஷிமோன் சகாகுச்சி, டி செல்லின் ஒரே ஒரு மரபணு பழுதானால் எலிக்கு முடக்குவாதம் போன்ற நோய் வருவதைக் காட்டினார். டி செல்களை அடக்கி வைக்கும் டி செல்களைக் கண்டறிந்ததற்காக 2025-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டவர் அவர். மறுபக்கம், டி செல் விழித்தெழத் தேவையான இரண்டாவது சைகையைத் தடுக்கும் அபாட்டாசெப்ட் மருந்து 2005-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மூட்டு வீங்கும் முன்பே, எதிர்ப்பொருளும் வலியும் மட்டும் உள்ளவர்களுக்கு அதை ஓராண்டு கொடுத்துப் பார்த்த ஆய்வு 2024-இல் வெளியானது. அந்த ஓராண்டில் மருந்து பெற்றோரில் 6 சதவீதம் பேருக்கே நோய் வந்தது. பெறாதோரில் 29 சதவீதம். மருந்தை நிறுத்தி மேலும் ஓராண்டு கழிந்தபோது, அது 25-க்கு 37 என்று நெருங்கிவிட்டது. டி செல்லை அடக்கினால் நோய் தள்ளிப்போகிறது. விட்டால் திரும்ப முயல்கிறது.

இப்போது செய்ய வேண்டியது

இந்த விலையுயர்ந்த மருந்து எல்லாருக்கும் தேவைப்படாது. வாரம் ஒருமுறை சாப்பிடும் மெத்தோட்ரெக்சேட்தான் இன்றும் சிகிச்சையின் அடித்தளம். அதைத் தினமும் சாப்பிடுவது உயிருக்கே ஆபத்து. பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். அதற்குள் நிறுத்திவிடக் கூடாது. பாசார் மாலாமில் விற்கும் பெயர் தெரியாத வாத மாத்திரைகள் ஒரே நாளில் வலியை எடுத்தால் சந்தேகப்படுங்கள். அப்படிப்பட்ட பொருள்களில் ரகசியமாக ஸ்டீராய்டு கலந்திருப்பதாகச் சுகாதார அமைச்சு பலமுறை எச்சரித்திருக்கிறது. வலி அடங்கினாலும் எலும்பு அரிபட்டுக்கொண்டே இருக்கும்.

இரண்டு கை மூட்டுகளும் வீங்கி, காலை இறுக்கம் ஆறு வாரத்துக்கு மேல் நீடித்தால், அரசாங்க கிளினிக்கில் காட்டி, சிட்ருலினுக்கு எதிரான எதிர்ப்பொருளைக் காட்டும் சி.சி.பி. சோதனை பற்றிக் கேளுங்கள். மூட்டுநோய் நிபுணரிடம் அனுப்பச் சொல்லுங்கள். சுங்கை சிப்புட்டிலிருந்து ஈப்போ பெரிய ஆஸ்பத்திரி ஏறத்தாழ 30 கிலோமீட்டர். வலி தொடங்கிய மூன்று மாதத்துக்குள் அந்தத் தூரத்தைக் கடந்தவரின் விரல்கள் கோணாமல் காக்கப்படும் வாய்ப்பு அதிகம். பாட்டிக்கு அப்போது கிடைக்காத வாய்ப்பு இது. மகளுக்குக் கிடைக்காமல் போக இனிக் காரணமில்லை.

(அடுத்த வாரம்: டி செல்களை அடக்கி வைக்கும் டி செல்கள்)