நூலின் முகவரி

ஒளிச்சிதறல் பற்றிக் கருத்தரங்கில் பேசவேண்டிய என் முதலாண்டு மாணவர் ஒருவர், "நூலகத்தில் புத்தகமே இல்லை, ஐயா" என்று திரும்பி வந்தார். "பட்டியலில் பார்த்தாயா, தம்பி?" என்றேன். பார்க்கவில்லை, அலமாரி அலமாரியாகத் தேடியிருக்கிறார்!

நூலின் முதுகில் ஒட்டியுள்ள எண்தான் அதன் முகவரி. மெல்வில் டூயி 1876இல் வெளியிட்ட பகுப்பு முறையில் இயற்பியலுக்கு 530; அதனுள் ஒலிக்கு 534, ஒளிக்கு 535, வெப்பத்துக்கு 536. பட்டியல் காட்டிய 535க்கு இருவரும் சென்றோம். நூல் அங்கும் இல்லை. யாரும் இரவல் பெற்றதாகப் பதிவும் இல்லை.

இரண்டு வாரம் கழித்து அது 353இல், அரசு நிர்வாக நூல்களுக்கிடையே அகப்பட்டது. படித்த யாரோ, நூலகருக்கு உதவுவதாக எண்ணித் தாமே அடுக்கில் செருகியிருக்கிறார். படித்த நூலை மேசைமீதே விட்டுவிடுங்கள் என்று நூலகங்களில் சொல்வது இதற்காகத்தான். எங்கள் கருத்தரங்கோ அதற்குள் முடிந்துவிட்டது.