மோட்டார் வண்டியும் மசகெண்ணெயும்

'மசகு' என்பது மாட்டுவண்டிக் காலத்துச் சொல். வைக்கோலைச் சுட்ட கரியை விளக்கெண்ணெயில் குழைத்து, வண்டியின் அச்சும் சக்கரக் குடமும் உராயும் இடத்தில் இட்டுவந்த கரிய குழம்புக்கு வண்டி மை என்றும் மசகு என்றும் பெயர். மாடு போய் மோட்டார் வந்த பின்னும் அச்சொல் மறையவில்லை. மசகெண்ணெய் என்னும் பெயர் இயந்திர நூல்களிலும் இடம்பெற்றது. சொல் மட்டுமன்று, பொருளும் தொடர்ந்தது என்பது பலர் அறியாத செய்தி. இங்கிலாந்தில் சார்லஸ் வேக்ஃபீல்டு என்பாரின் நிறுவனம் 1909-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்த எண்ணெய்க்குக் 'காஸ்ட்ரால்' என்னும் பெயர் வாய்த்ததே, அதில் 'காஸ்டர் ஆயில்' எனப்படும் ஆமணக்கெண்ணெய் கலந்திருந்தமையால்தான். வண்டிக்காரர் கையாண்ட அதே விளக்கெண்ணெய்!

மலாய்ப் பேச்சு வழக்கில் பொறியின் எண்ணெய்க்கு 'மினியாக் ஹித்தாம்', அதாவது கறுப்பு எண்ணெய் என்று பெயர். கலனிலிருந்து ஊற்றும்போது தேன் நிறமாக இருக்கும் ஒன்றுக்கு, வடித்தெடுக்கும்போது உள்ள நிறத்தைக் கொண்டு பெயரிட்டிருக்கின்றனர். ஆயினும் எண்ணெய் கறுத்தவுடனே கெட்டுவிட்டது எனக் கொள்வது தவறு. பொறிக்குள் எரிபொருள் எரியும்போது எழும் கரியை உலோகத்தின்மேல் படியவிடாமல் நுண்துகளாக்கித் தன்னுள் மிதக்க வைக்கும் மருந்துகள் எண்ணெயில் சேர்க்கப்பட்டுள்ளன. கறுத்த எண்ணெய் பெரும்பாலும் தன் கடமையைச் செய்துகொண்டிருக்கும் எண்ணெயே ஆகும். மாற்றவேண்டிய வேளையை நிறம் சொல்வதில்லை. ஓடிய தொலைவும் கழிந்த திங்களுமே சொல்லும்.

நிறத்தினும் பொருட்செலவு மிக்க மற்றொரு மயக்கம் உண்டு. கெட்டியான எண்ணெயே நல்ல எண்ணெய், அதிலும் இது வெப்ப நாடாதலின் எவ்வளவு கெட்டியோ அவ்வளவு பாதுகாப்பு என்பது அது. இரண்டு விரலிடையே தேய்த்துப் பார்த்து எண்ணெய் வாங்குவோரும் உளர். எண்ணெய் பொறிக்குள் என்ன செய்கிறது என்பதை அறிந்தால் இம்மயக்கம் தானே தீரும்.

பியூசாம்ப் டவர் என்னும் ஆங்கிலேயப் பொறியாளர் 1883-ஆம் ஆண்டளவில் இரயில் வண்டி அச்சுகளின் தாங்கிகளை ஆராய்ந்துகொண்டிருந்தார். எண்ணெய் விடுவதற்கென ஒரு தாங்கியின் உச்சியில் துளையிட்டார். அச்சு சுழலத் தொடங்கியதும், துளை வழியே எண்ணெய் உள்ளே போவதற்கு மாறாக வெளியே பொங்கி வந்தது. தக்கையால் அடைத்தார், தக்கை வெளியேறியது. மரமுளை அடித்தார்; அதுவும் நில்லாது வெளிவந்தது. அழுத்தமானியைப் பொருத்தியபோதுதான், சுழலும் அச்சு எண்ணெயைத் தானே இழுத்துக்கொண்டு போய்ப் பெரும் அழுத்தத்தை உண்டாக்குகிறது என்பது தெரிந்தது. மான்செஸ்டர் பேராசிரியர் ஆஸ்பர்ன் ரேனால்ட்ஸ் 1886-இல் இதற்குரிய கணிதத்தை வகுத்தார். அச்சுக்கும் தாங்கிக்கும் இடைப்பட்ட சந்து ஒருபுறம் அகன்றும் மறுபுறம் குறுகியும் இருக்கிறது. குறுகிய பக்கம் நோக்கி இழுக்கப்படும் எண்ணெய் ஆப்புப்போல் புகுந்து அச்சைத் தூக்கி நிறுத்துகிறது. இரும்பு இரும்பைத் தொடுவதில்லை. மயிரிழையினும் மெல்லிய எண்ணெய்ப் படலத்தின்மீது மிதக்கிறது. 'வழவழப்பாக்குவது' என்று எளிதாகச் சொல்லிவிடும் வேலை உண்மையில் சுமை தாங்கும் வேலையாகும்.

எனவே எண்ணெய் மிக நீர்த்ததாயின் படலம் அறுந்து உலோகம் தேயும். அதற்காக மிகக் கெட்டியானதை இட்டாலோ, குறுகிய சந்துகளில் அது விரைந்து புகாது. பொறியின் ஆற்றலில் ஒரு பங்கு எண்ணெயைக் கலக்குவதற்கே வீணாகும். காலையில் பொறியை முடுக்கியதும் மேலே உள்ள உறுப்புகளுக்கு எண்ணெய் ஏறிச்சேரத் தாமதமாகும். இக்காலப் பொறிகள் பலவற்றில் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றியமைக்கும் கருவிகூட எண்ணெயின் அழுத்தத்தாலேயே இயங்குகிறது. அளவறிந்து அமைக்கப்பட்ட அத்தகைய பொறிக்கு, பழைய லாரிக்குப் பொருந்திய கெட்டி எண்ணெயை ஊட்டுவது அன்பாகாது.

கலனின்மேல் '10டபிள்யூ-40' என்பதுபோல் அச்சிட்டிருப்பதன் பொருள் இனி விளங்கும். இது அமெரிக்க மோட்டார்ப் பொறியாளர் சங்கமாகிய எஸ்.ஏ.இ. வகுத்த முறை. 'டபிள்யூ' என்பது குளிர்காலத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லின் முதலெழுத்து. அதன் முன்னுள்ள எண் சிறிதாக ஆக, கடுங்குளிரிலும் எண்ணெய் எளிதாக ஓடும். 10டபிள்யூ எண்ணெயை உறைநிலைக்குக் கீழே 25 பாகை செல்சியசிலும், 5டபிள்யூ எண்ணெயைக் கீழே 30 பாகையிலும் சோதிக்கின்றனர். பின்னுள்ள எண் 100 பாகை வெப்பத்தில் எண்ணெய்க்குள்ள பிசுப்பைக் காட்டுவது. அவ்வெப்பத்தில் 30 என்னும் வகை 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்சுக்குள்ளும், 40 என்னும் வகை 12.5 முதல் 16.3-க்குள்ளும் அமைதல் வேண்டும். இவ்விரு எண்களையும் கண்டு, எண்ணெய் சூடேறச் சூடேறக் கெட்டியாகிறது என்று கருதுவோர் உண்டு. எந்த எண்ணெயும் சூட்டில் இளகவே செய்யும். குளிரில் 10டபிள்யூ வகைபோல் ஓடி, சூட்டில் 40 வகை அளவுக்கே இளகும் என்பதே அக்குறியின் கருத்து.

கோலாலம்பூரிலோ சிங்கப்பூரிலோ பனி உறைவதில்லை. ஆகவே டபிள்யூ எண்ணைக் குறித்து மட்டும் விலை உயர்ந்த எண்ணெயை நாடவேண்டிய தேவையில்லை. அதற்காகக் கையேட்டை மீறவும் வேண்டியதில்லை. வண்டியோடு தந்த கையேடு 0டபிள்யூ-20 என்று கூறுமாயின் அந்தப் பொறியின் சந்துகள் அதற்கென அமைக்கப்பட்டவை. பல வகைகளைக் கூறி வெப்பநிலைக்கேற்பத் தேரச் சொன்னால் அவற்றுள் ஒன்றைக் கொள்ளலாம். பட்டறைக்காரரின் பரிந்துரை, நண்பரின் அனுபவம், விளம்பரம் ஆகிய எல்லாவற்றுக்கும் மேலான சான்று அக்கையேடே. அதனைப் பிரித்தும் பாராத வண்டிக்காரர்தாம் எத்தனை பேர்!

மற்றொரு குறி, அமெரிக்கப் பெட்ரோலியக் கழகமாகிய ஏ.பி.ஐ. வழங்கும் ஈரெழுத்து. பெட்ரோல் பொறிக்கு எஸ் என்றும் டீசல் பொறிக்கு சி என்றும் தொடங்கும். இரண்டாம் எழுத்து அகரவரிசையில் முன்னேறுமளவும் எண்ணெய் புதிய தரத்தது. எஸ்.என். 2010-இலும், எஸ்.பி. 2020-இலும், எஸ்.கியூ. 2025-இலும் வந்தன. கையேடு கூறுவதினும் பிந்திய எழுத்துடையதைப் பெட்ரோல் வண்டிக்கு இடலாம், முந்தியது ஆகாது. மோட்டார் சைக்கிள் உடையோர் ஒன்றை நினைவிற் கொள்க: பெரும்பாலான சைக்கிள்களில் கிளட்சும் அதே எண்ணெயில் மூழ்கியிருக்கிறது. உராய்வு குறைக்கும் மருந்து மிகுந்த கார் எண்ணெயை அதில் ஊற்றினால் கிளட்சு வழுக்கும். அதற்கு 'ஜாசோ எம்.ஏ.' என்னும் குறியுள்ள எண்ணெயே உரியது.

இனி மாற்றும் முறை. வண்டி உத்தரவாதக் காலத்தில் இருந்தால், வெளியில் மாற்றுவதற்கு அதன் விதிகள் இடந்தருமா என்று முதலில் பார்த்தல் நலம். பொறியைச் சில நிமிடம் ஓடவிட்டால் எண்ணெய் இளகி எளிதில் வடியும். கை சுடுமளவு காயவிடலாகாது. சமதரையில் நிறுத்தி, கைப்பிரேக்கை இழுத்து, சக்கரங்களுக்கு முட்டுக் கொடுக்க வேண்டும். ஜாக்கியால் மட்டும் தூக்கிய வண்டியின்கீழ் எக்காரணம் கொண்டும் நுழையலாகாது. ஜாக்கி தூக்குவதற்கே, தாங்குவதற்கு உறுதியான தாங்குகால்களோ சரிவுமேடையோ வேண்டும். சில வெள்ளி மிச்சம் பிடிக்கப் போய் உயிரைப் பணயம் வைப்பதா? தாங்குகால் இல்லாதவர் பட்டறைக்கே செல்க.

அடித்தட்டின் திருகாணியைக் கழற்றி எண்ணெயை அகன்ற தட்டில் வடித்தபின், புதிய வளையமிட்டு அளவாக முறுக்க வேண்டும். வலிமை காட்டினால் அலுமினியத் தட்டின் மரை கெட்டுவிடும். வடிகட்டியைக் கழற்றும்போது, பழைய இரப்பர் வளையம் பொறியிலேயே ஒட்டி நின்றுவிட்டதா என்று பார்த்தே தீரவேண்டும். அதன்மேல் புதியதைப் பொருத்தினால் இரட்டை வளையமாகி, ஓடும்போது எண்ணெய் முழுதும் பீய்ச்சி வெளியேறும். நல்ல பொறிகள் சில நிமிடத்தில் பாழானது இவ்வகையில்தான். புதிய வளையத்தில் சிறிது எண்ணெய் தடவி, வளையம் பொருந்தியபின் வடிகட்டியின் உறையில் அச்சிட்டுள்ள அளவுக்குக் கையாலேயே திருப்பினால் போதும்.

கையேடு கூறும் அளவினும் சற்றுக் குறைவாக ஊற்றிப் பொறியை முடுக்குக. எண்ணெய் விளக்கு அணைய வேண்டும், கீழே கசிவிருத்தலாகாது. பிறகு நிறுத்திச் சில நிமிடம் பொறுத்து, அளவுகோலைத் துடைத்துப் பார்த்து, மேற்குறியைத் தாண்டாதபடி நிரப்புக. மிகுதியாக ஊற்றினால் சுழலும் தண்டு எண்ணெயைக் கடைந்து நுரையாக்கிவிடும். நுரை சுமை தாங்காது. தேதியையும் ஓடிய தொலைவையும் குறித்து வைத்தல் அடுத்த முறைக்கு உதவும். நெரிசலில் ஊர்ந்து பள்ளிக்கும் சந்தைக்கும் மட்டும் போய்வரும் வண்டிக்குத் தொலைவுக் கணக்கு குறைவாகவே காட்டும். பொறியோ மணிக்கணக்கில் உழைத்திருக்கும். குறுகிய பயணத்தில் எண்ணெய் முழுச்சூடு அடையாமையால் அதில் சேரும் நீரும் பெட்ரோலும் ஆவியாகி நீங்குவதில்லை. அத்தகைய வண்டிக்குத் திங்கள் கணக்கே சரியானது.

எஞ்சியது தட்டில் உள்ள கறுப்பு எண்ணெய். கறையான் அரியாதிருக்க வேலிக்கம்புக்குப் பூசுவதும், புல்லைக் கருக்க முற்றத்தில் ஊற்றுவதும், சாக்கடையில் கவிழ்ப்பதும் பழைய பழக்கங்கள். உலோகத் துகளும் புற்றுநோய் விளைக்கும் பொருள்களும் அதில் கலந்துள்ளன. சாக்கடையில் விட்டது ஆற்றுக்குத்தான் போய்ச்சேரும். மலேசியாவின் 2005-ஆம் ஆண்டு விதிகள் பழைய மசகெண்ணெயைப் பட்டியலிடப்பட்ட நச்சுக் கழிவுகளுள் சேர்த்துள்ளன. புதிய எண்ணெய் வந்த கலனிலேயே அதை ஊற்றி மூடி, வடிகட்டியையும் கவிழ்த்து வடியவிட்டு, பழைய எண்ணெய் பெற்றுக்கொள்ளும் பட்டறையில் சேர்ப்பிக்க வேண்டும். அதில் நீரையோ மண்ணெண்ணெயையோ கலந்துவிட்டால் மறுபடி தூய்மை செய்வதற்கு அது உதவாது போகும்.