அந்தக் குட்டி பழகிவிட்டதா, பயந்து உறைந்துவிட்டதா?

இங்கிலாந்தின் தெற்கே நியூ ஃபாரஸ்ட் என்று ஒரு பகுதி. அங்கே மட்டக்குதிரைகள் ரோட்டோரமாகத் தன்பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். பார்த்தால் காட்டுக்குதிரை மாதிரி தெரியும். ஆனால் ஒவ்வொன்றுக்கும் சொந்தக்காரர் உண்டு. மேய்ச்சல் கட்டணம் கட்டியதற்கு அடையாளமாக வால்முடியை ஒரு தினுசாக வெட்டிவிடுவார்கள். கோடையின் கடைசியிலிருந்து இலையுதிர்காலம் வரை குதிரைகளை வளைத்துப் பட்டியில் அடைப்பார்கள். அப்போது சில குட்டிகள் விற்பனைக்குப் போகும்.

தாயைப் பிரிந்து, வண்டியில் ஏறி, புது இடத்தில் இறங்குகிற குட்டியை யோசித்துப் பாருங்கள். வாங்கியவருக்கு அது செல்லம். குட்டிக்கோ அவர் இரண்டு கால் புலி!

சவாரிக்கு அவசரமே இல்லை. பொதுவாக மூன்று, நான்கு வயதுக்கு முன் முதுகில் ஆளை ஏற்றுவதில்லை. முதுகெலும்பு முழுசாக முற்ற ஐந்து வயதுக்கு மேல் ஆகும். ஆனால் மனுஷனோடு பழகுவதைத் தள்ளிப்போட முடியாது. தொடவிடாத குதிரைக்குக் குளம்பு சீவ முடியாது, ஊசி போட முடியாது. அதை வாங்கவும் ஆள் கிடைப்பது கஷ்டம்.

சரி, எப்படிப் பழக்குவது? முதலில் அதன் கண்ணைப் புரிந்துகொள்ள வேண்டும். குதிரைக்குக் கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் கிட்டத்தட்ட 350 டிகிரி தெரியும். நெற்றிக்கு நேர் முன்னாலும், வாலுக்கு நேர் பின்னாலும் மட்டும் தெரியாது. ஆசையாக முகத்துக்கு நேரே கையை நீட்டினால், அந்தக் கை பாதியில் காணாமல் போய்விடும். பயப்படாமல் என்ன செய்யும்? அதனால் தோள்பக்கமாக, சாய்வாகப் போக வேண்டும். முறைத்துப் பார்க்கக் கூடாது.

அடுத்தது தூரம். மெல்ல நெருங்குங்கள். குட்டி மேய்வதை நிறுத்தித் தலையைத் தூக்கும் இடத்தில் நின்றுவிடுங்கள். அது கொஞ்சம் தளர்ந்ததும், ஓடுவதற்கு முன்பே நீங்கள் பின்வாங்குங்கள். "சும்மா நின்றால் இந்த ஆள் போய்விடுகிறார்" என்று அது கற்றுக்கொள்ளும். அது ஓடிய பிறகு நீங்கள் விலகினால் பாடம் தலைகீழாகிவிடும்: "ஓடினால்தான் தப்பிக்கலாம்." விலகுகிற நேரம்தான் இங்கே வாத்தியார்.

முதல் தொடுகை எங்கே? பிடரி முடிந்து முதுகு தொடங்குகிற மேட்டில். தட்டிக்கொடுக்காதீர்கள், சொறிந்துகொடுங்கள். குதிரைகள் ஒன்றையொன்று பல்லால் சொறிந்துகொள்வது பெரும்பாலும் அங்கேதான். 1993-இல் ஃபே, டி மாசியேர் என்ற இரு ஆய்வாளர்கள் பிரான்சின் காமார்க் குதிரைகளில் இதைச் சோதித்தார்கள். அந்த இடத்தில் சொறிந்தால் இதயத்துடிப்பு குறைந்தது. அவை அவ்வளவாக விரும்பாத வேறு இடத்தில் சொறிந்தபோது குறையவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். குறுக்குவழி ஒன்று உண்டு. குட்டியை மூலையில் மடக்கி, கட்டிப்போட்டு, திமிறி ஓயும்வரை உடம்பெல்லாம் தடவுவது. ஒரே நாளில் அசையாமல் நிற்கும். பார்க்கிறவர்கள் "அட, எவ்வளவு சாது!" என்பார்கள். ஆனால் பல நேரம் அது பழகியிருக்காது, தப்பிக்க வழியில்லை என்று கைவிட்டிருக்கும். கண் இமைக்காது, தாடை இறுகியிருக்கும், வாலை ஒடுக்கிக்கொண்டிருக்கும், முன்னால் வைத்த வைக்கோலைத் தொடாது. அடங்கிக் கிடந்த அந்தப் பயம் பின்னால் ஒருநாள், முதுகில் ஒரு குழந்தை உட்கார்ந்திருக்கும்போது வெடிக்கலாம்.

நிஜமாகவே பழகிய குட்டி தலையைத் தாழ்த்தும், காதைத் திருப்பும், சொறியும்போது மேலுதட்டை நீட்டும். சோதனை ரொம்ப சிம்பிள். கயிறு இல்லாமல், போக இடம் இருக்கும்போது சொறிந்துவிட்டுக் கையை எடுங்கள். நின்றால், அல்லது உங்கள் பக்கம் ஓர் அடி வைத்தால், தலைக்கயிறு மாட்டப் பழக்கலாம். பிறகு கூட நடத்துவது, கால் தூக்குவது. சேணமெல்லாம் அதற்கும் வெகுநாள் கழித்து. விலகிப் போனால் ஒன்றும் குடிமுழுகிவிடவில்லை, நாளைக்கு மறுபடி போய் நில்லுங்கள்.

நாம் குதிரையை "அடக்குவது" என்றும் சொல்கிறோம், "பழக்குவது" என்றும் சொல்கிறோம். தூரத்திலிருந்து பார்த்தால் இரண்டும் ஒன்று போலத்தான் தெரியும். வித்தியாசம் குதிரைக்குத் தெரியும்.